சுசுகி ஜிம்னி போன்ற குட்டி ஜீப்பில் இரண்டு மவுண்டன் பைக்குகளை ஏற்றிச் செல்ல எது நல்ல வழி?

கேள்வி கேட்டவரிடம் இருப்பது மூன்று கதவு ஜிம்னி. இருவர் போகிறார்கள், ஆளுக்கு ஒரு மவுண்டன் பைக். சைக்கிள் ஓட்டத் தொடங்கும் இடத்தை அடைவதற்கு முன் கடைசிச் சில கிலோமீட்டர் கல்லும் பள்ளமுமான மண் தடம். ஸ்டெப்னியின் மேல் மாட்டும் கேரியர் போதுமா, கூரை நல்லதா, பிற்பாடு மின்சார மவுண்டன் பைக் வாங்கினால் அதையும் இதிலேயே ஏற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறார். இதே அளவுள்ள வண்டியில் எல்லா வழிகளையும் முயன்று பார்த்தவன் என்பதால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனியாகப் போகும் நாளில் சைக்கிள் வண்டிக்குள்ளேயே இருக்கட்டும். இருவர் போகும் நாளில், சேஸிஸோடு (வண்டியின் அடிச்சட்டத்தோடு) போல்ட் போட்டு இறுக்கிய டோ ஹிட்ச்சில், அதாவது ட்ரெய்லர் இழுக்கப் பின்னால் பொருத்தும் இணைப்பில், மாட்டும் மேடை வகைக் கேரியரே சரி; சைக்கிள்கள் அதன் தட்டுகளில் சக்கரம் ஊன்றி நிற்கும். கூரை ஒரு சைக்கிளுக்கு மட்டும் போதும். ஸ்டெப்னி கேரியரை மண் தடத்துக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.

எந்தக் கேரியரையும் பார்ப்பதற்கு முன், சைக்கிளை எடை போட்டு, வண்டியின் கையேட்டைத் திறந்து கூரைக்கு எத்தனை கிலோ, ஹிட்ச்சின் மேல் செங்குத்தாக எத்தனை கிலோ என்ற இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் அதிர்வு தாங்கும் இன்றைய முழு சஸ்பென்ஷன் மவுண்டன் பைக் பெரும்பாலும் 13 முதல் 16 கிலோ வரை இருக்கும். பெடல், தண்ணீர்க் குப்பி, சட்டத்தில் கட்டிய டியூப், டயரில் ஒட்டிய ஈர மண் எல்லாம் சேர்ந்தால் அதற்கும் மேலே போகும். ஜிம்னியின் கூரைக்குச் சொல்லப்பட்டிருக்கும் வரம்பு 30 கிலோதான், அதிலும் ரேக்கின் சொந்த எடை அடக்கம். குறுக்குக் கம்பிகளுக்கு 5 கிலோ, சைக்கிளைப் பிடிக்கும் தட்டு ஒவ்வொன்றுக்கும் 3 அல்லது 4 கிலோ என்று வைத்தால், இரண்டு சைக்கிள்களோடு 40 கிலோவைத் தாண்டிவிடுகிறது. இந்த வரம்பும் நல்ல சாலைக்குச் சொல்லப்படுவது; கரடுமுரடான பாதையில் ஒவ்வொரு குலுக்கலும் அந்த எடையைக் கணப்பொழுதுக்குப் பெருக்கிவிடுகிறது. அதனால்தான் சில ரூஃப் ரேக் தயாரிப்பாளர்கள், மண் தடத்தில் போவதானால் சாலைக்கான சுமையை 1.5 ஆல் வகுத்துக்கொள்ளும்படி சொல்கிறார்கள்.

கூரையைப் பற்றிச் சொல்ல வேண்டியது எடையோடு முடிந்துவிடுவதில்லை. ஜிம்னியின் உயரம் ஏறத்தாழ 1.72 மீட்டர். அதன் மேல் கம்பியும், நின்ற நிலையில் ஒரு சைக்கிளும் வந்தால் மொத்த உயரம் 2.9 மீட்டரை நெருங்கும். தாழ்ந்த கிளைகள் உள்ள தடத்தில் ஹேண்டில்பார்தான் முதலில் மாட்டும். பக்கச் சரிவில் வண்டியைக் குறுக்காக ஓட்ட நேர்ந்தால், அகலம் குறைந்து உயரம் மிகுந்த இந்த வண்டி தலையில் சுமையோடு சாய்வதைத் தொடையிலேயே உணரலாம். அந்த உணர்வு எனக்கு ஒருமுறை போதுமானதாக இருந்தது. இருந்தும் ஒரே ஒரு சைக்கிளுக்குக் கூரையை நான் மறுக்கமாட்டேன், ஏனெனில் ஜிம்னியின் கூரையோரத்தில் பழைய பாணியில் மழைநீர்க் கால்வாய் விளிம்பு இருப்பதால் ரேக்கின் கால்களை உறுதியாகக் கவ்வவைக்க முடிகிறது. தட்டைத் தேர்ந்தெடுக்கும்போது, சக்கரத்தைப் பிடிக்கும் வகையைத் தேடுங்கள். சட்டத்தின் குழாயை நெருக்கிப் பிடிக்கும் கவ்வி கார்பன் சட்டத்துக்கு ஆகாது. முன்சக்கரத்தைக் கழற்றி, அதைத் தாங்கும் கவையான ஃபோர்க்கை ஆக்சில் இடத்தில் பூட்டும் வகை, குலுக்கல் முழுவதையும் ஃபோர்க்கின் இரண்டு கால்நுனிகளில் இறக்குகிறது. உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர்க் கிண்ண வகையைத் தூசி படிந்த கூரையில் நம்ப வேண்டாம்.

ஸ்டெப்னி கேரியரைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் பார்த்தவுடன் எல்லோருக்கும் தோன்றுவது அதுதான். எனக்கும் அதுதான் தோன்றியது. இரண்டு ஆண்டுகள் அதையே பயன்படுத்தினேன். மாட்டுவது எளிது, கூரைக்கு ஏற வேண்டியதில்லை, பின்புறம் நீளம் அதிகம் கூடுவதுமில்லை. ஆனால் ஜிம்னியின் ஸ்டெப்னி பின்கதவில் தொங்குகிறது, அந்தக் கதவோ பக்கவாட்டில் இரண்டு கீல்களில் தொங்குகிறது. தயாரித்தவர்கள் அந்தக் கீல்களைக் கதவுக்கும் ஒரு சக்கரத்துக்கும் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். சக்கரம் ஏறக்குறைய 20 கிலோ என்றால், கேரியரும் இரண்டு சைக்கிள்களும் சேர்ந்து இன்னொரு 40 கிலோவைக் கூட்டுகின்றன, அதுவும் சக்கரத்துக்கும் வெளியே தள்ளி, நெம்புகோலின் நீண்ட முனையில்.

ஒருநாள் மாலை சைக்கிள்களை இறக்கிவிட்டுக் கதவைச் சாத்தியபோது, வழக்கமான கனத்த ஒலிக்குப் பதிலாக இரும்பு இரும்பை உரசும் ஒலி கேட்டது. டார்ச் அடித்துப் பார்த்தேன். பூட்டின் நாக்கு போய் உட்காரும் கொண்டியின் கீழ் விளிம்பில் பெயின்ட் தேய்ந்து, நகத்தால் கீறியதுபோல வெள்ளிக் கோடு ஒன்று பளபளத்தது. மேல் கீலின் அடியில், உடலோடு சேரும் இடத்தில், பெயின்ட்டில் மயிரிழை போன்ற விரிசல். கதவைப் பாதி திறந்து அடியில் கைகொடுத்துத் தூக்கினால் நாலைந்து மில்லிமீட்டர் மேலே எழுந்து இறங்கியது. அன்றைக்கே கேரியரைக் கழற்றிவிட்டேன். வெளியே எதுவும் வளையவில்லை, உடையவில்லை, ஓட்டும்போது ஒரு சத்தமும் வரவில்லை; தேய்மானம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடந்துகொண்டிருந்தது என்பதுதான் எனக்குக் கவலை தந்தது. தார்ச் சாலையில் ஒரு சைக்கிளோடு போய்வருகிறவர்களுக்கு இது தாங்கலாம். நீங்கள் கேட்ட தடத்துக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

டோ ஹிட்ச் வேறு கதை. ஜிம்னி ஏணிச் சட்ட சேஸிஸின் மேல் கட்டிய வண்டி. ஹிட்ச் அந்த நீளச் சட்டங்களோடு போல்ட் போட்டு இறுக்கப்படுவதால், சைக்கிளின் எடை கதவுக்கோ கூரைத் தகட்டுக்கோ போகாமல் நேராக இரும்புச் சட்டத்துக்குப் போகிறது. தூக்கி வைப்பதும் இடுப்புயர வேலைதான். ஹிட்ச்சில் இரண்டு வகை உண்டு: 50 மில்லிமீட்டர் உருண்டையைக் கவ்விப் பிடிப்பது ஒன்று, 1.25 அல்லது 2 அங்குலச் சதுரக் குழாய்க்குள் நுழைந்து ஊசி போட்டுப் பூட்டுவது மற்றொன்று. மண் தடத்துக்குச் சதுரக் குழாய் வகையையே நான் விரும்புகிறேன்; ஆட்டத்தை நீக்கும் இறுக்குத் திருகோடு வந்தால் இன்னும் நல்லது. அந்தத் திருகு இல்லாவிட்டால் குழாய்க்குள் இருக்கும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி, சைக்கிளின் ஹேண்டில்பார் நுனியில் பல மடங்கு ஆட்டமாக வளர்ந்து தெரியும்.

அதற்கும் தன் குறைகள் உண்டு. முதலாவது, வண்டி பின்னால் கனத்துப்போவது. 20 கிலோ கேரியரும் 30 கிலோ சைக்கிள்களுமாக 50 கிலோ, பின் ஆக்சிலிலிருந்து ஏறத்தாழ 1.1 மீட்டர் தள்ளித் தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜிம்னியின் இரண்டு ஆக்சில்களுக்கு இடையிலான நீளம் 2.25 மீட்டர்தான் என்பதால், பின் ஆக்சில் 74 கிலோவைக் கூடுதலாகச் சுமக்கிறது, முன் ஆக்சில் 24 கிலோ லேசாகிறது. செங்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரங்களின் பிடி தளர்வதை நீங்கள் உணர்வீர்கள், ஆகவே மற்ற மூட்டைகளைப் பின்பக்கம் அடுக்காமல் முன் இருக்கைகளுக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள். இரண்டாவது, பள்ளத்திலிருந்து ஏறி வெளியே வரும்போது பின்பக்கம் தரையில் தட்டாமல் இருக்கும் கோணம். வெறும் வண்டியில் இது 49 பாகை, குட்டி ஜீப்பின் பெரிய பலமே அதுதான். கேரியரின் கடைசி முனை பின் டயரிலிருந்து 1.3 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் நின்றால் அந்தக் கோணம் 21 பாகையாகக் குறைந்துவிடுகிறது. ஓடைப் பள்ளத்தைக் கடப்பதற்கு முன் ஒருவர் இறங்கி நின்று பார்த்துச் சொல்வதும், நேராக இறங்காமல் சற்றுச் சாய்வாக இறங்குவதும் எங்களுக்குப் பழகிப்போன வேலைகள்.

மூன்றாவது குறையை வாங்கும்போது யாரும் சொல்வதில்லை. 29 அங்குலச் சக்கரம் கொண்ட மவுண்டன் பைக் நுனியிலிருந்து நுனிவரை ஏறத்தாழ 1.85 மீட்டர் நீளம். ஜிம்னியின் அகலமோ 1.645 மீட்டர். குறுக்காக வைத்தால் இரண்டு பக்கமும் ஒரு கையகலத்துக்குச் சக்கரம் வெளியே நிற்கும். குறுகிய தடத்தில் வரப்பையும் புதரையும் முதலில் தொடுவது சைக்கிளின் ரிம்தான். ஃபோர்க்கைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடும் கேரியர்களில் இந்தத் தொல்லை இல்லை, பின்பக்கக் கோணமும் அதிகம் குறையாது. ஆனால் எடை உயரத்துக்குப் போவதோடு அந்தக் கேரியரே கனமானது. ஹிட்ச்சின் வரம்பு எவ்வளவு என்று பார்த்த பிறகே அதை யோசியுங்கள்.

கேரியரை வாங்கும் முன், அது ஸ்டெப்னியைத் தாண்டி நிற்குமா, மாட்டிய பிறகும் பின்கதவு திறக்குமா என்பதை உங்கள் வண்டியிலேயே வைத்துப் பாருங்கள். மேலே தூக்கித் திறக்கும் கதவுகளை மனத்தில் வைத்துச் செய்த, பின்பக்கம் சாயும் கேரியர்கள் பக்கவாட்டில் திறக்கும் கதவுக்குப் போதிய இடம் விடாமல் போகலாம். கேரியரே பக்கவாட்டில் விலகும் வகை இருந்தால், நடுவழியில் பஞ்சர் ஆனாலும் சைக்கிள்களை இறக்காமல் ஸ்டெப்னியை எடுக்க முடியும். புகைக்குழாயின் வாய் சைக்கிள் டயருக்கு நேரே வருகிறதா என்றும் குனிந்து பாருங்கள். சூடான புகை நெடுநேரம் ஒரே இடத்தில் பட்டால் டயர் உருகும், கார்பன் ரிம்மும் பாழாகும். பின்விளக்கும் நம்பர் பலகையும் மறைந்தால் பல நாடுகளில் அது குற்றம், ஆகவே விளக்கோடு கூடிய தனிப் பலகையைக் கேரியரின் பின்னால் மாட்ட வேண்டியிருக்கும்.

மண் தடத்தில் வண்டியின் பின்பக்கம் இருக்கும் எதன் மீதும் தூசி அடைந்துவிடும். இதைச் சாதாரண அழுக்கு என்று நினைத்திருந்தேன். ஒருநாள் 40 கிலோமீட்டர் போய் இறங்கியபோது, ஒரு சைக்கிளின் பெடல் பக்கத்துச் சைக்கிளின் சட்டத்தைத் தொட்டுக்கொண்டே வந்த இடத்தில் பெயின்ட் போய், விரல்நுனி அளவுக்கு அலுமினியம் தெரிந்தது. இடையில் புகுந்த தூசி உப்புத்தாள் போலத் தேய்த்திருந்தது. அதிலிருந்து பழைய டியூப்பை நீளவாக்கில் கிழித்துப் பட்டையாக்கி, சட்டமும் சைக்கிளைக் கட்டும் நாடாவும் தொடும் இடங்களிலும் பெடல் வரும் இடத்திலும் சுற்றிவிடுகிறேன். ஃபோர்க்கின் பளபளப்பான உள்குழாயில் நாடாவைக் கட்டவே கூடாது. அங்கே விழும் ஒரு கீறல், எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீலைக் கிழித்து எண்ணெயை ஒழுகவிடும். சைக்கிளை இறக்கியதும் சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விட்ட பிறகுதான் ஏற வேண்டும்.

உள்ளே ஏற்றுவதை நான் முதலில் வைத்ததற்குக் காரணம், மேலே சொன்ன தொல்லைகளில் பெரும்பாலானவை அங்கே இல்லை என்பதுதான். பின் இருக்கைகளை மடித்து, முன் பயணி இருக்கையின் தலைப்பட்டையைக் கழற்றிச் சாய்த்துவிட்டால், முன்சக்கரம் கழற்றிய ஒரு சைக்கிள் நீளவாக்கில் படுத்துக்கொள்ளும். சங்கிலிப் பக்கம் மேலே இருக்கட்டும். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றால், சக்கரத்தைக் கழற்றியவுடன் பிரேக் பட்டைகளுக்கு இடையில் ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகிவிடுங்கள். இல்லாவிட்டால் பயணத்தில் லீவர் எங்காவது அழுந்தி, பட்டைகள் ஒட்டிக்கொண்டு, டிஸ்க் உள்ளே நுழைய மறுக்கும். சைக்கிளை வண்டியின் வளையங்களில் இரண்டு இடத்திலாவது இழுத்துக் கட்டுங்கள். திடீரென்று பிரேக் பிடித்தால் கட்டாத 15 கிலோ சைக்கிள் உங்கள் தலைக்குத்தான் வரும்.

மின்சார மவுண்டன் பைக் வந்தால் கணக்கு மாறுகிறது. ஒன்றுக்கு 22 முதல் 25 கிலோ வரை இருக்கும் என்பதால் இரண்டும் கேரியரும் சேர்ந்து 70 கிலோவை எட்டிவிடும். ஹிட்ச் வரம்பு 75 கிலோ என்றால் சாலைக்கு அது சரி, மண் தடத்துக்குச் சரியில்லை, 1.5 ஆல் வகுத்தால் 50 கிலோதான் கிடைக்கிறது. பேட்டரியைக் கழற்றி வண்டிக்குள் வைத்தால் சைக்கிளுக்கு 3 அல்லது 4 கிலோ குறையும், பேட்டரியும் தூசிக்கும் அதிர்ச்சிக்கும் தப்பும். ஆகவே ஒரு மின்சார சைக்கிளும் ஒரு சாதாரண சைக்கிளும் என்றால், பேட்டரியைக் கழற்றிய பிறகு கேரியரோடு சேர்த்து எடை அந்த 50 கிலோவுக்குள் வருகிறதா என்று பாருங்கள்; வந்தால், கனமானதை வண்டியை ஒட்டிய உள்தட்டிலும் லேசானதை வெளித்தட்டிலும் வைத்து, தடம் தொடங்கும் இடத்தில் ஒருமுறையும் அதன்பின் முதல் 10 கிலோமீட்டரில் ஒருமுறையும் நிறுத்தி நாடாக்களை இறுக்கி, மெதுவாகப் போகலாம். இரண்டும் மின்சார சைக்கிள்கள் என்றால், தடத்தின் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அங்கிருந்தே சைக்கிளில் ஏறிவிடுங்கள். அந்தக் கடைசிச் சில கிலோமீட்டருக்கு மோட்டார் உங்களிடமே இருக்கிறது.