வாசகர் கேள்வி-பதில்: புளோக்கின் கீழே இரண்டு நிமிடத் த்ரில்லர்

கேள்வி: நான் பலதுறைத் தொழிற்கல்லூரி ஒன்றில் ஊடகப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் பயில்கிறேன். ஒரு த்ரில்லர் படத்தின் தொடக்கக் காட்சியை மட்டும் இரண்டு நிமிட அளவில் எடுத்துத் தருவது எங்கள் குழுவுக்குக் கொடுக்கப்பட்ட பணி. இரவில் வீடு திரும்பும் பெண்ணை முகமூடி அணிந்தவன் துரத்திக் கத்தியால் குத்துவதாக எழுதியிருக்கிறோம். கைவிடப்பட்ட கிடங்கு போன்ற இடம் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. எதிலிருந்து தொடங்குவது?
- ஈசூனிலிருந்து ஒரு மாணவி

பதில்: கிடங்கைத் தேடுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். பாழடைந்த கிடங்கைத் திரையில் கண்டவுடனே பார்வையாளர் பயப்படத் தயாராகிவிடுகிறார். அப்படித் தயாராக இருப்பவரை அசைப்பது கடினம். மாறாக, தாம் அன்றாடம் மின்தூக்கிக்குக் காத்து நிற்கும் அதே கீழ்த்தளத்தில், அதே கல்மேசைக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று வழக்கம்போல் இல்லை என்று அவருக்குத் தோன்றிவிட்டால், அந்தக் கலக்கம் வீடு வரை அவரோடு போகும். சிங்கப்பூரில் வசிப்போரில் நான்கில் மூன்று பேருக்கு மேல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் வாழ்வதால், அந்த இடத்தை அறிமுகப்படுத்த நீங்கள் ஒரு விநாடிகூடச் செலவிட வேண்டியதில்லை. 120 விநாடிகளே கையில் உள்ளவர்களுக்கு அது பெரிய சேமிப்பு.

அடுத்தது கதை. குத்துவதை இரண்டு நிமிடத்துக்குள் காட்டி முடித்தால் படமும் அங்கேயே முடிந்துவிடும். தொடக்கக் காட்சியின் வேலை ஒரு கேள்வியை எழுப்பிவிட்டு, விடை தராமல் நிற்பது. எஸ். பாலசந்தர் 1954இல் பாடல்களே இல்லாமல் இயக்கிய 'அந்த நாள்' படத்தில் நாயகன் தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறக்கிறான்; ஆனால், சுட்டவர் யார் என்பது மறைக்கப்படுவதால்தான் மீதிப் படம் முழுவதும் நாம் நாற்காலியை விட்டு எழாமல் இருக்கிறோம்.

மறைப்பது எவ்வளவு முக்கியமோ, எதைப் பார்வையாளருக்கு மட்டும் சொல்லிவிடுவது என்பதும் அவ்வளவு முக்கியம். த்ரில்லர் படங்களுக்குப் பெயர்பெற்ற இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1962இல் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோவுடன் நடத்திய நீண்ட உரையாடலில் இதை ஓர் உதாரணத்தால் விளக்கினார். மேசைக்கடியில் குண்டு இருப்பது யாருக்கும் தெரியாமல் திடீரென வெடித்தால் கிடைப்பது 15 விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதும் அது வெடிக்கும் நேரமும் நமக்குத் தெரிந்து, மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்கள் மட்டும் ஒன்றும் அறியாமல் பேசிக்கொண்டிருந்தால் கிடைப்பது 15 நிமிடப் பதற்றம். உங்கள் பெண் நான்காம் மாடித் தாழ்வாரத்தில் கைப்பைக்குள் சாவியைத் துழாவிக்கொண்டிருக்கட்டும். அவளுக்குப் பின்னால், இருளடைந்திருக்கும் அவள் வீட்டுச் சன்னல் உள்ளிருந்து மெல்லச் சாத்தப்படுவதை நாம் மட்டும் பார்த்துவிட்டால் போதும். முகமூடியும் கத்தியும் துரத்தலும் அப்போது தேவைப்படாது. துரத்தலை நான் தவிர்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2016ஆம் ஆண்டுக்குள் சுமார் 10,000 வீவக புளோக்குகளிலும் பலமாடி வாகன நிறுத்துமிடங்களிலும் காவல்துறையின் கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்தப்பட்டுவிட்டன. கீழ்த்தளத்தில் ஒருவன் கத்தியோடு ஓடினால், "கேமராவில் பதிந்திருக்குமே" என்று நம் ஊர்ப் பார்வையாளர் அக்கணமே கதையை விட்டு வெளியே வந்துவிடுவார்.

கதை முடிவானதும் ஷாட் பட்டியல் எழுதுங்கள். இரண்டு நிமிடத்துக்கு 20 முதல் 25 ஷாட்டுகள் போதும். முதல் ஷாட்டை மட்டும் 15 விநாடி வரை அசையாமல் நிறுத்திவைக்கும் துணிவு வேண்டும் என்பது என் விருப்பம். ஒவ்வொரு ஷாட்டையும் கட்டம் கட்டமாக வரைந்து வைக்கும் ஸ்டோரிபோர்டுக்கு ஓவியத் திறமை வேண்டாம், குச்சி மனிதர்களே போதும். ஆனால், அவள் எந்தத் திசையில் நடக்கிறாள் என்பதை ஒவ்வொரு கட்டத்திலும் அம்புக்குறியால் காட்டுங்கள். இடமிருந்து வலமாக நடந்தவள் அடுத்த ஷாட்டில் காரணமின்றி வலமிருந்து இடமாக வந்தால், திரும்பிப் போகிறாள் என்றே கண் எடுத்துக்கொள்ளும்.

ஒளியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் மாணவர் படங்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகின்றன. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். செல்பேசியில் இயல்பாக உள்ள விநாடிக்கு 30 சட்டக (frame) வேகத்தில் எடுத்தால் தாழ்வார விளக்குகள் திரையில் துடிக்கக்கூடும். விநாடிக்கு 25 சட்டகம், ஷட்டர் வேகம் 1/50 விநாடி என்று மாற்றிக்கொண்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். இருட்டில் செல்பேசி தானாகவே வெளிச்சத்தைக் கூட்டி உங்கள் நிழலையெல்லாம் கலைத்துவிடும் என்பதால், ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவைத்த பிறகே எடுக்கத் தொடங்குங்கள். வானம் கருநீலமாக இருக்கும் அந்திப் பொழுதில் எடுப்பதானால் நேரம் மிகக் குறைவு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், ஆண்டு முழுவதும் மாலை 6.45க்கும் 7.20க்கும் இடையில் சூரியன் மறைந்து, ஏறக்குறைய 20 நிமிடத்தில் அந்த நீலமும் போய்விடும். என் முதல் குறும்படத்தின்போது குளிரூட்டப்பட்ட அறையிலிருந்து கேமராவை நேராகக் கீழே கொண்டுவந்தேன். லென்ஸ் முழுவதும் நீராவி படிந்து, அது தெளிவதற்குள் அன்றைய அந்தி முடிந்துவிட்டது. கேமராவை அரை மணி நேரத்துக்கு முன்பே பையோடு வெளியே வைத்துவிடுங்கள்.

கீழ்த்தளமும் தாழ்வாரமும் நகர மன்றத்தின் பராமரிப்பில் உள்ள பொது இடங்கள். தேதி, நேரம், ஆள் எண்ணிக்கை, கருவிகள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, கல்லூரிக் கடிதத்தையும் இணைத்து முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குத் தனி அனுமதி வேண்டும். ஆயுதம்போல் தோன்றும் எதையும் பொது இடத்தில் வெளியே எடுக்காதீர்கள்; எட்டாம் மாடியிலிருந்து பார்க்கும் பாட்டிக்கு அது படப்பிடிப்பு என்று தெரியாது, அவர் காவல்துறையின் 999 எண்ணை அழைப்பதே முறை.

கேள்வி: எங்கள் தொடக்கக் காட்சியை எடுத்து முடித்து எடிட்டிங்கும் செய்துவிட்டோம். படம் நன்றாக இருந்தும் பயம் வரவில்லை. பின்னணி இசையைக் கூட்டிப் பார்த்தும் பயனில்லை.
- தெம்பனிஸிலிருந்து இரு மாணவர்கள்

பதில்: இசையை முழுவதும் நீக்கிவிட்டு ஒருமுறை பாருங்கள். என்ன ஒலி மீதம் இருக்கிறது? மைனாக்களின் இரைச்சலும் பேருந்துச் சத்தமும் மட்டும் இருந்தால், குறை அங்கேதான். அந்தி வேளையில் மைனாக்கள் மரத்தில் அடையும்போது எழும் சத்தத்துக்கு நடுவில் பதிவான எதையும் காப்பாற்ற முடியாது. எனவே, ஒலியைத் தனியாக எடுங்கள். இரவு ஒன்பது மணியளவில் அதே தாழ்வாரத்துக்குச் சென்று, எல்லோரும் ஒரு நிமிடம் பேசாமல் நின்று அந்த இடத்தின் வெறும் ஒலியைப் பதிவுசெய்தால், எல்லா ஷாட்டுகளையும் ஒட்டும் பசையாக அது உதவும். பிறகு சிமெண்டுத் தரையில் செருப்பு உரசுவது, இரும்புக் கதவில் சாவி படுவது, குளிரூட்டியிலிருந்து நீர் சொட்டுவது ஆகியவற்றை மைக்கை ஒரு சாண் தூரத்தில் பிடித்துப் பதிவுசெய்யுங்கள். நீர் சொட்டும் ஒலி காட்சி முழுவதும் கேட்டுக்கொண்டே இருந்து, அவள் கதவைத் திறக்கும் நொடியில் நின்றுவிடட்டும். எந்த வயலினாலும் தர முடியாத நடுக்கம் அந்த நிசப்தத்தில் உண்டு.

கேள்வி: படப்பிடிப்பு என்று என் மகள் நள்ளிரவில் வீடு திரும்புகிறாள். இரவுக் காட்சியை இரவில்தான் எடுக்க வேண்டுமா?
- ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து ஒரு தந்தை

பதில்: வேண்டியதில்லை, ஐயா. வீட்டுக்குள் நடக்கும் காட்சிகளைச் சன்னலில் கறுப்புத் துணி கட்டிப் பகலிலேயே எடுக்கலாம். ஏழே முக்கால் மணிக்கெல்லாம் இங்கே இருட்டாகிவிடுவதால், வெளிக்காட்சிகளை ஒத்திகை பார்த்து வைத்திருந்தால் ஒன்பதரைக்குள் முடித்துவிடலாம். பத்து மணிக்கு மேல் அண்டை வீட்டாரின் உறக்கத்தையும் கருத வேண்டும். முடியும் நேரமும் இடமும் எழுதப்பட்ட படப்பிடிப்புத் தாள் ஒன்றை மகளிடம் முந்திய நாளே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒழுங்காக நடக்கும் குழுவிடம் அது கட்டாயம் இருக்கும்.