தேர்மல் பேஸ்டுக்கு எவ்வளவு காசு கொடுக்கலாம்? வன்னி வாசகர்களின் கேள்விகள்

ரைசன் 5 5600 சிப் போட்டு புது பிசி கட்டுகிறேன். பெட்டியோடு வந்த கூலரில் ஏற்கெனவே தேர்மல் பேஸ்ட் (சிப்பின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பசை) பூசியிருக்கிறது. அதைத் துடைத்துவிட்டு விலைகூடின கிரையோநோட் பேஸ்ட் போடட்டா அண்ணை? (கிளிநொச்சி)

வேண்டாம் தம்பி. அது அவ்வளவு மின்சாரம் எடுக்காத 65 வாட் சிப், இருக்கிற பேஸ்டே போதும். சிப்பின் மூடிக்கும் கூலருக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியாத இடுக்குகளில் காற்று நிற்கும், காற்றின் வெப்பக் கடத்துதிறன் (வாட்/மீற்றர்-கெல்வின் அளவில்) 0.03ஐக்கூடத் தொடாது. சாதாரண பேஸ்டில் அது 4 என்று வைத்தாலும் நூறு மடங்குக்கு மேல், அதனால் பெரிய பாய்ச்சல் காற்றிலிருந்து ஏதாவதொரு ஒழுங்கான பேஸ்டுக்குப் போகும்போதே நடந்துவிடுகிறது. அதற்கு மேல் விலை கொடுத்து வாங்குவது பெரும்பாலும் 2, 3 பாகை செல்சியஸ் குறைவுதான். பெட்டியில் கடத்துதிறன் என்று அடித்திருக்கும் 8.5, 12.5 எண்களை வைத்து ஒப்பிடவும் வேண்டாம், ஒவ்வொரு கம்பனியும் தன் முறையில் அளந்து போடுவது அது.

இன்னொன்று, நீங்கள் பார்க்கும் ரிவியூக்கள் பெரும்பாலும் குளிரூட்டிய அறையில் செய்தவை. தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் 35 பாகையில் ஓடும் பிசிக்கு அறைச் சூட்டில் வரும் பத்துப் பன்னிரண்டு பாகை வித்தியாசம் அப்படியே கூடும், அதை எந்த பேஸ்டும் குறைக்காது. மிச்சக் காசுக்கு ஒரு கேஸ் ஃபான் வாங்குங்கள்.

எங்கள் கொமினிகேஷனில் ஐந்து பழைய பிசி. பெயரில்லாத மலிவு ஊசி பேஸ்ட் போடலாமா? (மாங்குளம்)

பெயரில்லாதது வேண்டாம், சிலது சீக்கிரமே காய்ந்து பொருக்காகிவிடும். 2010இலிருந்து கடைகளில் இருக்கும் ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 போதும், 4 கிராம் குழாய் ஒன்றே ஐந்துக்கும் வரும். அதற்குப் போலிகளும் உண்டு, பெட்டியிலிருக்கும் சரிபார்ப்புக் குறியீட்டைப் பாருங்கள். ஆனால் முதலில் ஹீட்சிங்கை (கூலரின் உலோகத் தகட்டுப் பகுதியை) திறந்து பாருங்கள். கச்சான் காற்றுக் காலத்தில் கிரவல் புழுதி தகடுகளுக்கு இடையில் அப்பியிருந்தால் எவ்வளவு விலையான பேஸ்ட் போட்டும் பிரயோசனமில்லை.

லப்டொப்புக்கு விலைகூடின பேஸ்ட் போட்டேன். முதலில் நல்லா இருந்தது, இப்போது கேம் போட்டால் திரும்பவும் 95 பாகை. (முல்லைத்தீவு)

இங்கேதான் காசைச் செலவழிக்க வேண்டும், ஆனால் வேறு பொருளுக்கு. லப்டொப் சிப்புக்கு மூடி இல்லை, சிலிக்கன் நேரடியாகக் கூலரில் முட்டும். சூடாகி ஆறி, சூடாகி ஆற, பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிடும். பேஸ்ட் இளக்கமாக இருந்தால் அது இன்னும் கெதியாக நடக்கும். பேஸ்டுக்குப் பதிலாக வைக்கும் ஹனிவெல் பிடிஎம்7950 என்ற தாளை வாங்குங்கள். 45 பாகையளவில் இளகிப் படியும், அப்படித் தள்ளுப்பட்டுப் போகாது. போட்ட உடனே முழுப் பலன் தெரியாது, சில தடவை நன்றாகச் சூடாகி ஆறட்டும். போலி இதற்கும் நிறைய, நம்பிக்கையான கடையைத் தேடுங்கள்.

பேஸ்டுக்குப் பதிலாக லிக்விட் மெற்றல் (திரவ உலோகம்) போடலாமா? (வவுனியா)

அதன் கடத்துதிறன் எண் பெரியதுதான், கொண்டக்டோநோட் என்ற லிக்விட் மெற்றலுக்கு 73 என்று போட்டிருக்கும். ஆனால் மின்சாரம் கடத்தும், ஒரு துளி சிந்தினால் மதர்போர்ட் பழுதாகிப் போகும். அதிலுள்ள கலியம் அலுமினியத்தை அரித்துவிடும். முதல் பில்டுக்கு வேண்டவே வேண்டாம்.

ஏஎம்4 (ஏஎம்டி சிப்புகளுக்கான ஒரு சொக்கெட்) பிசியில் பேஸ்ட் மாற்றக் கூலரைக் கழற்றினால் சிப்பும் சேர்ந்து வருமாமே? (மன்னார்)

வரும், சிப்பின் அடியிலிருக்கும் ஊசி போன்ற பின்களும் வளையும். பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி, நிறுத்தி வயரைக் கழற்றிவிட்டு, கூலரை இடம் வலமாக மெதுவாகத் திருகி எடுங்கள், நேரே மேலே இழுக்காதீர்கள். பழையதை ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடையுங்கள். சூடு முன்பைவிடக் கூடவில்லை என்றால் கழற்றவே தேவையில்லை.