டூரினில் நான் பார்த்த ரைட் பேக்

கேள்வி: ஓய்வு பெற்ற பெண் கால்பந்து ஆட்டக்காரர்களில், பலருக்கும் தெரியாத, ஆனால் உங்களுக்கு மிகவும் பிடித்த ஒருவர் யார்? ஏன்?

யோசிக்கவே வேண்டியதில்லை. பின்லாந்தின் துய்யா ஹ்யூரினென். ரைட் பேக், அதாவது வலது ஓரத்தைக் காக்கும் டிஃபென்டர். இத்தாலியின் டூரின் நகரத்து கிளப்பான யுவென்டஸ், பெண்கள் அணி தொடங்கிய முதல் சீசனிலிருந்து ஐந்து வருஷம் அங்கே ஆடினார். அந்த ஐந்து வருஷமும் இத்தாலிய லீக் கோப்பை அந்த அணிக்குத்தான் போனது. இவ்வளவு இருந்தும் கால்பந்து பார்க்கிற நண்பர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் "யாரு?" என்றுதான் கேட்கிறார்கள்.

நான் அவரைக் கவனிக்கத் தொடங்கிய கதையைச் சொல்கிறேன். 2018 இல் மேல்படிப்புக்காக டூரின் போனேன். அடுத்த மார்ச்சில் கூடப் படித்த பெண் ஒருத்தி, "ஞாயிற்றுக்கிழமை அலியான்ஸ் ஸ்டேடியத்தில் பெண்கள் மேட்ச், டிக்கெட் இலவசம், வருகிறாயா?" என்று கேட்டாள். ஆண்கள் அணியின் மேட்சுக்கு டிக்கெட் வாங்க வழியில்லாத எனக்கு, அந்த ஸ்டேடியத்துக்குள் போய் உட்கார்ந்தாலே போதும் என்றிருந்தது. 2019 மார்ச் 24. யுவென்டஸுக்கு எதிராக ஃபியோரென்டினா. 39,027 பேர் வந்திருந்தார்கள். குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அப்பாக்கள், கொடி பிடித்த பாட்டிகள், பள்ளி அணி உடையோடு வந்த சிறுமிகள். கடைசி பத்து நிமிடத்துக்குள் டென்மார்க்கின் சோஃபி பெடர்சன் கோல் போட்டு யுவென்டஸ் 1-0 என ஜெயித்தது. இத்தாலியில் பெண்கள் கிளப் ஆட்டம் ஒன்றுக்கு அதுவரை அவ்வளவு கூட்டம் வந்ததில்லை.

அன்றைக்கு நான் உயரத்தில் உட்கார்ந்திருந்தேன். எல்லோரையும் போலப் பந்தை மட்டும்தான் பார்த்தேன். ஒரு டிஃபென்டரின் பெயரும் மனதில் நிற்கவில்லை.

அப்புறம் வினோவோ போனேன். டூரினுக்குத் தெற்கே இருக்கும் சின்ன ஊர். யுவென்டஸின் பயிற்சி மைதானம் ஒன்று அங்கே இருக்கிறது. பெண்கள் அணியின் வழக்கமான ஆட்டங்களும் அங்கேதான் நடந்தன. சில நூறு பேர் உட்காரும் ஸ்டாண்டு. கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்து நான் அதற்கு முன் கால்பந்து பார்த்ததில்லை. பூட்ஸ் பந்தில் படும் சத்தம் கேட்கும், ஆட்டக்காரர்கள் கத்துவது கேட்கும். பின்னால் எதிராளி நெருங்குகிறாள் என்று எச்சரிக்க இத்தாலியில் "உவோமோ!" என்று கத்துவார்கள். ஆண் என்று அர்த்தம். பெண்கள் ஆட்டத்திலும் அதே சொல்தான். முதல் நாள் அது எனக்கு விநோதமாக இருந்தது.

நான் உட்கார்ந்த இடத்துக்கு நேர் எதிரே, முதல் பாதி முழுக்க, வலது ஓரத்தில் ஹ்யூரினென். எதிரணி விங்கர், அதாவது ஓரத்தில் தாக்கி ஆடுபவள், பந்தோடு அவரை நோக்கி வேகமாக வருகிறாள். நானாக இருந்தால் பாய்ந்து காலை நீட்டியிருப்பேன். அவர் அரை அடி பின்வாங்கினார். உடம்பை லேசாகச் சாய்த்து, உள்பக்கம் போகும் வழியை அடைத்துக்கொண்டார். விங்கருக்கு வெளிப்பக்கம் மட்டும்தான் மிச்சம். அவள் இன்னும் நாலு எட்டு ஓடினாள், பந்து கோட்டைத் தாண்டி வெளியே போனது, அவ்வளவுதான். யாரும் கைதட்டவில்லை. இவர் பந்தை எடுத்து த்ரோ போடப் போய்விட்டார். காலில் கால் படவே இல்லை. அதே விங்கர் அடுத்த தடவை அந்தப் பக்கம் வரவில்லை. பந்தை நடுவில் தள்ளிவிட்டாள்.

அன்றிலிருந்து எந்த மேட்ச் பார்த்தாலும், பந்து எதிர் ஓரத்தில் இருக்கும்போது இந்த ஓரத்து டிஃபென்டர் எங்கே நிற்கிறார் என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. இவர் அப்போதும் நகர்ந்துகொண்டே இருப்பார். தோளுக்கு மேல் திரும்பி ஒரு பார்வை, இரண்டு அடி உள்ளே, இன்னொரு பார்வை. டிவியில் இது தெரியாது. கேமரா பந்தின் பின்னால் போய்விடும்.

அவருடைய பயணம் நீளமானது. 1988 இல் பிறந்தவர். பின்லாந்தில் ஹோங்கா, ஆலண்ட் யுனைடெட் போன்ற அணிகள். பிறகு ஸ்வீடனின் வடக்கில் இருக்கும் உமேயோ. பிரேசிலின் மார்த்தா இளம் வயதில் ஆடிய அணி அது. ஹ்யூரினென் போனபோது அந்தப் பொற்காலம் முடிந்திருந்தது. அடுத்து டென்மார்க்கின் ஃபோர்ச்சூனா யோரிங். அங்கிருந்து 2017 இல் டூரின், புதிதாகத் தொடங்கிய அணிக்கு, 29 வயதில். முதல் சீசன் முடிவில் யுவென்டஸும் பிரெஷியாவும் சம புள்ளிகள். நோவாராவில் தனியாக ஓர் ஆட்டம் வைத்தார்கள். கோல் விழவில்லை. பெனால்டியில் யுவென்டஸ் ஜெயித்தது. அதற்குப் பிறகு நடந்தது வேறு கதை. 2020-21 சீசனில் ஆடிய 22 லீக் ஆட்டங்களிலும் வெற்றி, ஒரு டிரா கூட இல்லை. 2021-22 இல் சாம்பியன்ஸ் லீக் காலிறுதி வரை போய், பிரான்ஸின் லியோனை டூரினில் 2-1 என வென்று, லியோனில் 3-1 எனத் தோற்று வெளியேறினார்கள்.

எனக்கு இன்றும் மனது ஆறாத விஷயம் ஒன்று உண்டு. இந்த ஐந்து வருஷமும் இத்தாலியச் சட்டப்படி அவர் தொழில்முறை ஆட்டக்காரர் இல்லை. 1981 இல் வந்த விளையாட்டுச் சட்டம், யார் தொழில்முறை வீரர் என்று முடிவு செய்வதை அந்தந்த விளையாட்டுச் சம்மேளனத்திடம் விட்டுவிட்டது. கால்பந்துச் சம்மேளனம் பெண்களை அமெச்சூர் பட்டியலில் வைத்தது. சம்பளத்துக்கு ஆண்டுக்கு சுமார் 30,000 யூரோ என்று உச்சவரம்பு. தொழில்முறை வீரருக்கு உரிய ஓய்வூதியப் பாதுகாப்பு இல்லை. 39,027 பேர் பார்த்த அந்த ஆட்டத்தில் ஆடிய பெண்கள் எல்லோரும் காகிதத்தில் பொழுதுபோக்குக்கு ஆடுபவர்கள். இதை அந்தத் தோழிதான் பஸ்ஸில் திரும்பும்போது சொன்னாள், நான் நம்பவே இல்லை. இந்த நிலை மாறியது 2022 ஜூலை 1 அன்று. ஹ்யூரினென் யுவென்டஸை விட்டுப் போனதும் அதே கோடையில்தான். உழைப்பெல்லாம் அந்தப் பக்கம், உரிமை வந்தது இந்தப் பக்கம்.

அவர் ஏன் பலருக்கும் தெரியாதவராக இருக்கிறார் என்றால், அதற்கும் காரணம் இருக்கிறது. பின்லாந்து 2023 வரை ஒரு பெண்கள் உலகக் கோப்பைக்கும் தகுதி பெற்றதில்லை. உலகம் முழுக்கப் பார்க்கிற மேடை கிடைக்கவே இல்லை. தேசிய அணிக்காக நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியவருக்கு வாய்த்தவை ஐரோப்பியக் கோப்பைகள்தான். 2009 இல் சொந்த நாட்டில், 2013 இல் ஸ்வீடனில், 2022 இல் இங்கிலாந்தில். 2009 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் டென்மார்க்கை 1-0 என வென்று தொடங்கினார்கள். கோல் போட்டவர் மைய்யா சாரி. அவரும் டிஃபென்டர்தான் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம். அந்தத் தொடர் காலிறுதியில் இங்கிலாந்திடம் 3-2 எனத் தோற்றதோடு முடிந்தது.

அந்த அணியின் செல்லப் பெயரையும் சொல்லிவிடுகிறேன். பின்லாந்து ஆண்கள் அணிக்குப் பெயர் ஹுஹ்காயத், கொம்பன் ஆந்தைகள். 2007 இல் பெல்ஜியத்தோடு ஆட்டம் நடக்கும்போது நிஜமாகவே ஒரு பெரிய ஆந்தை மைதானத்தில் வந்து உட்கார்ந்து ஆட்டமே நின்றது. பெண்கள் அணிக்குப் பெயர் ஹெல்மாரித். அதுவும் ஆந்தைதான், சின்ன வகை. அதன் பின்லாந்துப் பெயரில் முத்து என்ற சொல் இருக்கிறது. எனக்கு ஆண்கள் ஆந்தையைவிட இந்த முத்து ஆந்தைதான் பிடிக்கும். இன்னொன்று, 2020 இல் அந்த நாட்டுப் பெண்கள் லீக்கின் பெயரிலிருந்து 'பெண்கள்' என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். இப்போது அதன் பெயர் தேசிய லீக், அவ்வளவுதான்.

2022 ஜூலையில் மில்டன் கீன்ஸில் ஸ்பெயினுக்கு எதிரான ஆட்டத்தை லேப்டாப்பில் பார்த்தேன். அப்போது நான் டூரினை விட்டு வந்து வெகுநாள் ஆகியிருந்தது. ஹ்யூரினெனுக்கு 34 வயது, பின்லாந்து அணியில் இருந்தார். ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம் முடிவதற்குள் லிண்டா சால்ஸ்ட்ரோம் கோல் போட்டுவிட்டார். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். கடைசியில் 4-1 எனத் தோல்வி. பிறகு டென்மார்க், ஜெர்மனி இரண்டிடமும் தோற்று, பின்லாந்து வீடு திரும்பியது. டூரின் தோழிக்கு அன்றிரவே ஒரு செய்தி அனுப்பினேன், வினோவோவின் வலது ஓரம் ஞாபகம் இருக்கிறதா என்று. கோட்டோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் எடுத்த பழைய படத்தைத் திருப்பி அனுப்பினாள். படத்தில் எங்கள் பின்னால், கொஞ்சம் மங்கலாக, த்ரோ போடுவதற்குப் பந்தைத் தலைக்கு மேல் தூக்கியபடி அவர் நிற்கிறார்.