பந்து விழுந்த இடமும் அடித்தவர் கையும்: பேஸ்பால் கணக்கு பற்றிய கேள்வி பதில்

பேஸ்பாலில் திறமை எது, அதிர்ஷ்டம் எது என்று புள்ளிவிவரத்தை வைத்துப் பிரிப்பது எப்படி? வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதிர்ஷ்டம் என்று நான் எழுதும்போது யாருடைய உழைப்பையும் குறைத்துப் பேசவில்லை. ஆட்டக்காரரின் கையை விட்டுப் போன பிறகு நடப்பதற்கெல்லாம் சேர்த்து வைத்த பெயர் அது.

கேள்வி: அக்கா, பேட்டிங் சராசரி 0.310 உள்ளவர் 0.270 உள்ளவரைவிடச் சிறந்தவர்தானே? இதில் பிரித்துப் பார்க்க என்ன இருக்கிறது?

இருக்கலாம் தம்பி. மட்டை பிடித்த முறைகளில் எத்தனை பங்கு ஹிட் ஆனது என்பதுதான் பேட்டிங் சராசரி. பந்தை அடித்துவிட்டு அவுட்டாகாமல் பேஸ் என்னும் தளத்தை எட்டினால் அது ஹிட். ஆனால் ஒரே ஒரு சீசனை வைத்துக்கொண்டு அடித்துச் சொல்ல முடியாது. சீசனில் 500 முறை மட்டை பிடிக்கும் ஒருவரின் உண்மையான திறன் 0.290 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாணயம் சுண்டும் அதே கணக்குப்படி, அவருடைய சராசரி தற்செயலாகவே 0.020 மேலேயோ கீழேயோ போய்வரும். ஒரே திறன் கொண்ட இருவரை ஒப்பிட்டால், ஆறு சீசனுக்கு ஒன்றில் அவர்களிடையே 0.040 அல்லது அதற்கும் அதிகமான இடைவெளி விழும். அந்த இடைவெளி மொத்தம் 20 ஹிட். ஆறு மாத சீசனில் வாரத்துக்கு ஒன்றுகூட ஆகாது. அந்த இருபதை வைத்து ஒருவரை நட்சத்திரம் என்றும் மற்றவரைச் சாதாரணம் என்றும் எழுதிவிடுகிறோம்.

கேள்வி: பிட்சர் நன்றாக வீசினால் ஹிட் குறையும், மோசமாக வீசினால் கூடும். இதில் அதிர்ஷ்டம் எங்கே வருகிறது?

இரண்டு பந்துகளைப் பாருங்கள். முதல் பந்தை பேட்டர் மட்டையின் நடுவில் வாங்கி அறைகிறார். பந்து சீறிக்கொண்டு போய் ஷார்ட் ஸ்டாப் என்ற ஃபீல்டரின் நெஞ்சுக்கு நேரே இறங்குகிறது. அவர் காலைக்கூட நகர்த்தவில்லை. அவுட். அடுத்த பந்தில் மட்டை முறிகிறது. பந்து தள்ளாடி எழுந்து, மூன்று ஃபீல்டர்கள் மூன்று பக்கத்திலிருந்து ஓடிவர, அவர்களுக்கு நடுவே புல்லில் பொத்தென்று விழுகிறது. ஹிட். ஸ்கோர் புத்தகத்தில் முதல் பந்து பிட்சரின் வரவு, இரண்டாவது பந்து அவருடைய செலவு. வீசிய தரத்தைப் பார்த்தால் நேர்மாறாக அல்லவா எழுதியிருக்க வேண்டும்?

2001இல் வோரோஸ் மெக்கிராக்கன் என்ற ஆய்வாளர் இதைக் கணக்கில் காட்டினார். ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டர் அவுட்டாவது), வாக் (நான்கு தவறான பந்துகளால் பேட்டர் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போவது), ஹோம் ரன் (எல்லைக்கு வெளியே அடிப்பது) ஆகிய மூன்றிலும் ஃபீல்டர்களுக்கு வேலை இல்லை. இவற்றில் பிட்சரின் எண்கள் ஆண்டுக்கு ஆண்டு ஓரளவு அப்படியே தொடர்கின்றன. மைதானத்துக்குள் விழும் பந்துகளிலோ, அது எத்தனைக்கு எத்தனை ஹிட் ஆகிறது என்ற விகிதம் ஒரே பிட்சருக்கு ஓராண்டு போல் மறு ஆண்டு இருப்பதில்லை. மொத்த லீக்கில் அது 0.300க்கு அருகில் நிற்கிறது. பலர் நம்ப மறுத்தார்கள். நானும் முதலில் படித்தபோது ஏதோ பிழை என்றுதான் நினைத்தேன்.

என்னை மாற்றியவர் பிட்சர் பெட்ரோ மார்ட்டினஸ். 1999இல் அவருக்கு எதிராக மைதானத்துக்குள் விழுந்த பந்துகளில் ஏறக்குறைய 0.32 ஹிட் ஆனது. மறு ஆண்டு 0.24. அதே அணி, அதே கை. ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கணக்கில் விட்டுக்கொடுத்த ரன் சராசரி 2.07இலிருந்து 1.74க்கு இறங்கியது. ஆனால் ஸ்ட்ரைக்அவுட் 313இலிருந்து 284 ஆகக் குறைந்திருக்கிறது! 2000தான் அவருடைய உச்சம் என்று பலர் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அவர் 1999இல்தான் இன்னும் பயங்கரமாக வீசினார்.

விதிவிலக்கும் உண்டு. சுழலாமல் மிதந்து வரும் நக்கிள்பால் வீசுபவர்கள் இந்த விகிதத்தைத் தாங்களே குறைத்துக்காட்டியிருக்கிறார்கள். பின்னால் நிற்கும் ஃபீல்டர்களின் தரமும் சேரும். ஆகவே எல்லாமே தற்செயல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: பேட்டருக்கும் அதே 0.300தானா?

இல்லை. ஜப்பானிய பேட்டர் இச்சிரோ சுசுகிக்கு, அமெரிக்காவில் ஆடிய காலம் முழுவதற்கும் இந்த விகிதம் 0.338. இடக்கையால் அடித்து, அடிக்கும்போதே முதல் பேஸை நோக்கிக் கால் வைத்துவிடுவார். வேறு யாருக்கும் அவுட்டாகும் தரைப்பந்து அவருக்கு ஹிட் ஆகும். பேட்டரை லீக் சராசரியோடு ஒப்பிடாமல், அவருடைய சென்ற ஆண்டுகளோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: நான் பால்டிமோரில் இருக்கிறேன். 2012இல் எங்கள் ஓரியோல்ஸ் ஒரு ரன் வித்தியாச ஆட்டங்களில் 29 வென்று 9 மட்டுமே தோற்றது. அது நெஞ்சுரம். அதையும் அதிர்ஷ்டம் என்பீர்களா?

அந்த ஆண்டு உங்கள் ஊர் அடைந்த மகிழ்ச்சியை நான் குறைக்கமாட்டேன் ஐயா. 1997க்குப் பிறகு முதன்முறையாக பிளே ஆஃப் என்ற இறுதிக்கட்டச் சுற்றுக்குப் போனார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். எடுத்த ரன் 712, கொடுத்த ரன் 705. பேஸ்பால் புள்ளிவிவர எழுத்தாளர் பில் ஜேம்ஸ் தந்த வழிப்படி, எடுத்த ரன்னின் வர்க்கத்தை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 162 ஆட்டங்களில் 82 வெற்றி வருகிறது. அவர்கள் வென்றது 93. நெஞ்சுரம் என்றால் மறு ஆண்டும் இருந்திருக்க வேண்டும். 2013இல் ஏறத்தாழ அதே குழு, அதே மேலாளர். ஒரு ரன் ஆட்டங்களில் 20 வெற்றி, 31 தோல்வி.

நாணயம் சுண்டினால் 38இல் 29 தலை விழுவது ஆயிரத்தில் ஒன்றைவிட அரிது என்பது உண்மை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் 30 அணிகள் சுண்டுகின்றன. எந்த அணிக்கு விழுந்ததோ அதைத்தான் நாம் பேசுகிறோம். கடைசி இன்னிங்ஸில் வீசியவர்களின் திறனும் அதில் கொஞ்சம் இருந்தது என்றே நினைக்கிறேன். பதினொரு வெற்றிக்கு அது போதாது.

கேள்வி: நெருக்கடியில் மட்டும் நன்றாக அடிப்பவர்கள் என்று ஒரு வகை உண்டா?

டிக் கிரேமர் என்ற ஆய்வாளர் 1977இல் தேடிப் பார்த்தார். ஓராண்டு நெருக்கடியில் ஜொலித்தவர்கள் மறு ஆண்டு அப்படியே ஜொலிக்கவில்லை. பிற்பாடு வந்தவர்கள் கண்டதும் மிகச் சிறியது. நெருக்கடியில் அடிப்பவர், பெரும்பாலும் எப்போதும் அடிப்பவர்தான்.

கேள்வி: திறமை இத்தனை பங்கு, அதிர்ஷ்டம் இத்தனை பங்கு என்று எண்ணில் சொல்ல முடியுமா?

முடியும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பிராட்லி எஃப்ரான், கார்ல் மாரிஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1970 சீசனில் 18 பேர் முதல் 45 முறை மட்டை பிடித்ததை எடுத்துக்கொண்டார்கள். அனைவரின் பொதுச் சராசரி 0.265. ஒருவர் அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறாரோ, அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மட்டும் அவருடையது என்று வைத்து, மிச்சத்தைத் தள்ளினார்கள். பிறகு சீசனின் மீதிப் பகுதியோடு ஒப்பிட்டார்கள். 18 பேரில் 16 பேருக்கு, அவர்களுடைய சொந்தச் சராசரியைவிட இந்தச் சுருக்கிய எண்ணே உண்மைக்கு நெருக்கமாக வந்தது.

அந்தப் பட்டியலில் தர்மன் மன்சன் என்ற இளைஞர் இருந்தார். 45 முறையில் 8 ஹிட், 0.178. அதோடு அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மீதிச் சீசனில் அவர் அடித்தது 0.316. அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் விருதும் அவருக்கே. மறுமுனையில் ராபர்ட்டோ கிளெமென்டே 0.400இல் இருந்தார், மீதியில் 0.346. சூத்திரம் அவரை 0.290 பக்கம் இழுத்துவிட்டது. அவர் அதற்குள் நான்கு முறை லீக்கிலேயே மிக உயர்ந்த பேட்டிங் சராசரி எடுத்தவர் என்பது சூத்திரத்துக்குத் தெரியாதே. பழைய வரலாறு கையில் இருந்தால், பொதுச் சராசரியை விட்டுவிட்டு அந்த வரலாற்றை நோக்கி இழுங்கள்.

கேள்வி: மேடம், என் மகனுக்கு 11 வயது. இந்த சீசனில் 25 முறை ஆடி 3 ஹிட். அடிக்கத் தெரியவில்லை என்று பயிற்சியாளர் உட்கார வைத்துவிட்டார். குழந்தை சாப்பிடவே மாட்டேன் என்கிறான்.

படித்ததும் மனம் கனத்துவிட்டது. 25 முறையில் சராசரி எந்தப் பக்கமும் 0.090 வரை சர்வசாதாரணமாக ஆடும். அந்த 3 என்ற எண்ணை யாரும் தீர்ப்பாக எடுக்கக்கூடாது. ரஸ்ஸல் கார்ல்டன் என்ற ஆய்வாளர், அமெரிக்காவின் உச்ச நிலையான மேஜர் லீக் ஆட்டக்காரர்களை வைத்துக் கணக்கிட்டபோது, ஸ்ட்ரைக்அவுட் விகிதம் 60 முறையிலேயே ஓரளவு நம்பத்தக்கதாகிவிட்டது. பேட்டிங் சராசரிக்கு 900 முறைக்கு மேல் தேவைப்பட்டது. குழந்தைகளுக்கு இதே எண்கள் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனால் எதைப் பார்ப்பது என்பதற்கு வழி கிடைக்கிறது.

அவன் அடுத்து ஆடும்போது ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். மட்டையில் படாமல் போனது, லேசாகப் பட்டது, நடுவில் பட்டது. ஹிட்டா அவுட்டா என்று எழுதவே வேண்டாம். பத்து ஆட்டம் முடிந்ததும் நோட்டை அவனிடமே கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். பயிற்சியாளரிடம் பேசப் போகும்போது அதையும் எடுத்துப் போங்கள்.