அடுத்த கடனை யார் கொடுப்பது?

அன்புள்ள ஐயா,

நான் செங்கல்பட்டு மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். சென்ற ஆண்டு ஒரு செங்கல் சூளையில் கொத்தடிமைகளாக இருந்த ஆறு இருளர் குடும்பங்களை வருவாய்த்துறையினர் மீட்டு எங்கள் ஊர் எல்லையில் குடியமர்த்தினார்கள். ஆள்கடத்தல் என்றால் பெண்களை வெளியூருக்குக் கொண்டுபோய் விற்பது மட்டுமே என்று நினைத்திருந்த எனக்கு, முதல் தகவல் அறிக்கையில் அந்தப் பிரிவையும் பார்த்தது அதிர்ச்சியாக இருந்தது. நண்பர்கள் 38 பேர் சேர்ந்து சட்டம், மருத்துவம், கல்வி, மனநல ஆலோசனை, விழிப்புணர்வு என்று ஐந்து குழுக்கள் அமைத்தோம். அரிசி, துணி, பாத்திரம் வாங்கிக் கொடுத்தோம். எங்கள் பள்ளி விழாவில் அவர்களை மேடையேற்றித் தங்கள் அனுபவத்தைப் பேசவும் வைத்தோம். ஆனால் பொங்கல் முடிந்ததும் இரண்டு குடும்பங்கள் மறுபடியும் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வேறொரு சூளைக்குப் போய்விட்டன. இவ்வளவு செய்தும் அவர்களுக்குப் புரியவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது. இத்தனை பேரின் உதவியையும் எப்படி ஒருங்கிணைப்பது, யார் தலைமை ஏற்பது, விழிப்புணர்வு வகுப்புகள் நடத்தினால் பயன் இருக்குமா என்று சொல்ல முடியுமா? இது பற்றி வாசிக்க நல்ல நூல்களையும் பரிந்துரைத்தால் மகிழ்வேன்.

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த அன்று, வேறொரு காரணத்துக்காக 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தை மறுபடியும் புரட்டிக்கொண்டிருந்தேன். இருபத்தேழே பிரிவுகள் கொண்ட சிறிய சட்டம் அது; ஒரு மாலைப்பொழுதில் வாசித்துவிடலாம். உங்கள் சட்டக் குழுவில் யாராவது அதை முழுதாக வாசித்தார்களா என்று தெரியவில்லை. வாசித்திருந்தால் தலைமை யார் என்ற கேள்வியை என்னிடம் கேட்டிருக்க மாட்டீர்கள். மாவட்ட ஆட்சியரின் தலைமையில் ஒன்றும் கோட்ட அளவில் ஒன்றுமாகக் கண்காணிப்புக் குழுக்கள் இருக்க வேண்டும் என்று 13ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் 38 பேர் தொடங்க வேண்டிய முதல் வேலை, அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று எழுத்தில் கேட்பதுதான்.

மனநல ஆலோசனை குறித்து நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அது அதற்குப் படித்தவர்களின் வேலை. நூல் பட்டியலும் இப்போது வேண்டாம். ஆள்கடத்தல் பிரிவு ஏன் வந்தது என்பதற்கு மட்டும் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். சுரண்டும் நோக்கத்தோடு ஒருவரை ஏமாற்றியோ, மிரட்டியோ, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியோ, பணம் காட்டி இணங்கவைத்தோ வேலைக்குச் சேர்ப்பதும், கொண்டுசெல்வதும், தங்கவைப்பதும் ஆள்கடத்தல்தான். 2013இல் திருத்தப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவு அப்படித்தான் சொன்னது; இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. பாதிக்கப்பட்டவரின் சம்மதம் பொருட்டல்ல என்பதும் அதில் இருக்கிறது. சூளைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி யாரையும் கட்டித் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. ஒரு குடும்பத்தின் கையில் இருபதாயிரம் ரூபாயை வைத்துவிட்டு, மறுநாள் காலை வண்டியை அனுப்பினால் போதும்.

மேடை விஷயத்தில் மட்டும் கோபப்படாமல் இருக்க முடியவில்லை. தன்னை அடித்தவனைப் பற்றி, தன் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தின் முன்னால் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் எதற்காகப் பேச வேண்டும்? கோட்டாட்சியரிடம் ஒரு முறை, காவல் நிலையத்தில் ஒரு முறை, நீதிமன்றத்தில் ஒரு முறை என்று ஏற்கெனவே அவர் அதைச் சொல்லியாக வேண்டும். அதற்கு மேல் உங்கள் பள்ளி விழாவிலும் சொல்ல வைத்தது, நீங்கள் கொடுத்த அரிசிக்கு வாங்கிக்கொண்ட விலை என்று அவர் எடுத்துக்கொண்டிருந்தால் அதில் தவறே இல்லை. இனி அப்படிச் செய்யாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திவைத்த வரி, 'இவ்வளவு செய்தும் அவர்களுக்குப் புரியவில்லையே' என்பது. நீங்கள் அரசுப் பள்ளி ஆசிரியர். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ பண்டிகை முன்பணம் வாங்கியிருப்பீர்கள். வட்டி கிடையாது, மாதத் தவணைகளில் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். அது போதாவிட்டால் ஆசிரியர் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கம் இருக்கிறது, வருங்கால வைப்பு நிதி இருக்கிறது, வங்கியில் சம்பளச் சீட்டைக் காட்டினால் கடன் இருக்கிறது. நீங்கள் வாங்குவதும் அட்வான்ஸ்தான். அதற்காக யாரும் உங்களுக்கு விழிப்புணர்வு வகுப்பு நடத்தியதில்லை. உங்களுக்கு அட்வான்ஸ் கொடுப்பவன் உங்கள் மனைவியையும் பிள்ளைகளையும் சேர்த்துக் கூலியில்லாமல் வேலை வாங்க முடியாது என்பது ஒன்றுதான் வேறுபாடு. அந்த வேறுபாடு அவர்களுக்குப் புரியாது என்றா நினைக்கிறீர்கள்? சூளையில் விடியுமுன் எழுந்து மண் குழைத்து, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று அறுத்துப் போட்டு, வாரக் கடைசியில் செலவுக் காசு மட்டும் வாங்கி, பருவம் முடிந்து கணக்குப் பார்க்கும்போது கடன் ஏறியிருப்பதைக் கண்டவர்களுக்கு அதைப் பற்றி வகுப்பெடுக்க உங்களிடமும் என்னிடமும் எதுவுமில்லை.

இதை நான் உயரத்தில் நின்று சொல்லவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு, நான் அப்போது குடியிருந்த ஊருக்கு அருகிலும் இப்படிச் சில குடும்பங்களை மீட்டுக் கொண்டுவந்தார்கள். நானும் நண்பர்களோடு போனேன். இலுப்பை மரத்தடியில் வரிசையாக உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். ஒரு பெரியவர் இடுப்பில் செருகியிருந்த ஒரு சின்ன நோட்டை எடுத்து என்னிடம் நீட்டி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். வியர்வையில் அட்டை வளைந்திருந்தது. முதல் பக்கத்தில் நீல மையில் 'அட்வான்ஸ் 6,000' என்று இருந்தது. அடுத்தடுத்த பக்கங்களில் 'அரிசி 150', 'ஆஸ்பத்திரி 300', 'சாவு 1,000' என்று வேறு வேறு கைகளில் எழுதப்பட்டிருந்தன. கழித்தல் கணக்கு ஓரிடத்தில்கூட இல்லை. நான் அதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். சட்டப்படி இந்தக் கடன் இன்றோடு ஒழிந்தது, இனி நீங்கள் ஒரு பைசா தர வேண்டியதில்லை என்று பெருமையோடு சொன்னேன். அவர் நோட்டைத் திரும்ப வாங்கி, அதே இடத்தில் செருகிக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மேல் அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவருடைய மருமகள் பிரசவ வலியோடு அரசு மருத்துவமனையில் இருந்தாள். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். கூடப் போகவும் அங்கே சில நாள் தங்கவும் மூவாயிரம் ரூபாய் வேண்டும் என்றார். என்னிடம் அந்தப் பணம் இருந்தது. இருந்தும், இப்படிக் கொடுத்துப் பழக்கினால் ஒவ்வொருவராக வருவார்கள் என்று எனக்குத் தோன்றியது. ஐந்நூறு ரூபாயைக் கொடுத்து, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள், அங்கே மனு எழுதிக் கொடுக்கலாம் என்றும் சொன்னேன். அன்று வியாழக்கிழமை. அவர் பணத்தை வாங்கிக்கொண்டு, சரிங்க சாமி என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த இரவே பக்கத்து ஊர் மேஸ்திரி ஒருவன் பத்தாயிரம் கொடுத்து, வண்டியும் பிடித்துக் கொடுத்திருக்கிறான். அடுத்த வாரம் நான் போய்ப் பார்த்தபோது நான்கு குடிசைகளும் காலியாக இருந்தன. தாயும் பிள்ளையும் நலம் என்று கீரை விற்கும் பெண்மணி சொன்னார். அந்தப் பிள்ளையை உயிரோடு வைத்தது மேஸ்திரியின் பணமா என் அறிவுரையா என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்?

சட்டம் பழைய கடனை அழிக்கிறது, அடுத்த கடனை யார் கொடுப்பது என்று அதில் சொல்லவில்லை என்று வெகு காலம் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். அது என் அறியாமை. 6ஆம் பிரிவு கடனை அழிக்கிறது என்றால், 14ஆம் பிரிவு கண்காணிப்புக் குழுவின் கடமைகளைச் சொல்லும் இடத்திலேயே, விடுவிக்கப்பட்டவர்களுக்குப் போதுமான கடன் போய்ச் சேரும்படி கிராம வங்கிகளையும் கூட்டுறவுச் சங்கங்களையும் ஒருங்கிணைக்க வேண்டும் என்கிறது. ஒருங்கிணைப்பு என்று நீங்கள் கேட்டீர்களே, சட்டம் அந்தச் சொல்லைப் பயன்படுத்தும் இடம் அதுதான். குழுவில் வங்கி அல்லது கடன் நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர் இருந்தே ஆக வேண்டும். நெருக்கடி நிலைக் காலத்தின் இருபது அம்சத் திட்டத்தோடு வந்த சட்டம் என்பதால் அதைச் சந்தேகத்தோடு பார்ப்பவர்கள் உண்டு. நானும் அப்படிப் பார்த்தவன்தான். ஆனால் அதை எழுதியவர்களில் யாரோ ஒருவருக்கு, நள்ளிரவில் வாசலில் வந்து நிற்பவரைத் தெரிந்திருக்கிறது. 1984இல் நீரஜா சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி பி.என். பகவதியும் இதைத்தான் வேறு சொற்களில் சொன்னார். பரீதாபாத் கல்குவாரிகளிலிருந்து விடுவிக்கப்பட்டு பிலாஸ்பூர் பகுதிக் கிராமங்களுக்குத் திரும்பியவர்களுக்கு மாதக்கணக்கில் எதுவும் போய்ச் சேரவில்லை என்பது வழக்கு. மறுவாழ்வு இல்லாத விடுதலை அவர்களை மறுபடியும் அதே அடிமைத்தனத்துக்குத்தான் தள்ளும் என்பது தீர்ப்பு.

அரசு கொடுக்கும் உதவித்தொகை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2016ஆம் ஆண்டுத் திட்டத்தில் உடனடி உதவி 20,000 ரூபாய் வரை என்று இருந்தது, பிறகு 30,000 வரை உயர்த்தப்பட்டது. ஆண்களுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம், ஆள்கடத்தல் போன்ற கொடிய நிலையிலிருந்து வந்தவர்களுக்கு மூன்று லட்சம் என்ற பெருந்தொகை, வழக்கின் முடிவோடு கட்டப்பட்டிருக்கிறது. வழக்கு எப்போது முடியும் என்று பிரசவ வலியிடம் கேட்க முடியாது. உடனடி உதவி தாமதமாகக் கூடாது என்பதற்காகவே ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியரின் பொறுப்பில் குறைந்தது பத்து லட்சம் ரூபாய் நிதி இருக்க வேண்டும் என்று அதே திட்டம் சொல்கிறது. உங்கள் மாவட்டத்தில் அதில் எவ்வளவு இருக்கிறது, கடைசியாக எப்போது எடுத்தார்கள் என்பதையும் அந்த மனுவிலேயே கேளுங்கள்.

மகளிர் சுயஉதவிக் குழுக்களில் சேர்த்துவிடலாம் என்று உங்களில் யாராவது சொல்வார்கள். 1989இல் தர்மபுரியில் தொடங்கி மாநிலம் முழுவதும் பரவிய அந்தக் குழுக்கள் வட்டிக்காரர்களிடமிருந்து எத்தனையோ பெண்களை மீட்டிருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் வாரந்தோறும் சேமிப்புக் கட்ட ஒருவர் ஊரில் இருக்க வேண்டும், முகவரி வேண்டும், பக்கத்து வீட்டுப் பெண்கள் இவளை நம்பிக் குழுவில் சேர்க்கவும் வேண்டும். தை பிறந்தால் சூளைக்குப் போய் ஆனி வாக்கில் திரும்பும் இருளப் பெண்ணை எந்தக் குழு சேர்த்துக்கொள்கிறது? குடும்ப அட்டை இல்லை. பழங்குடிச் சாதிச் சான்றிதழுக்குக் கோட்டாட்சியர் வரைக்கும் போக வேண்டும். அதற்கு ஒரு நாள் கூலியை விட வேண்டும், பேருந்துக் கட்டணம் வேண்டும். ஐந்து குழுக்களும் ஐந்து வெவ்வேறு நாள்களில் வந்து அழைத்தால், அவர்கள் வேலைக்குப் போவது எப்போது? நீங்கள் அவர்களுக்காக ஒருங்கிணைய வேண்டிய இடம் இது. ஒரே நாளில் ஒரே வண்டியில் ஒரே ஆள் கூடப் போய், எல்லாத் தாள்களையும் முடித்துக்கொண்டு, அன்றைய கூலியையும் கையில் கொடுத்துத் திரும்ப அழைத்து வர வேண்டும்.

உங்கள் ஐந்து குழுக்களில் அந்த ஆறு குடும்பங்களைச் சேர்ந்தவர் ஒருவராவது இருக்கிறாரா? கடிதத்தில் தேடிப் பார்த்தேன், இல்லை. அரசின் கண்காணிப்புக் குழுவில்கூடப் பட்டியல் சாதி, பழங்குடியினர் மூன்று பேர் இருக்க வேண்டும். 1978இல் தொடங்கிய இருளர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் இயங்குகிறது. உங்கள் மாவட்டம்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள். திருவள்ளூர் மாவட்டத்தில், சூளைகளிலிருந்து மீட்கப்பட்டவர்களே சேர்ந்து சொந்தமாகச் செங்கல் சூளை நடத்துகிறார்கள். கல் அறுக்கத் தெரிந்தவர்களுக்குத் தையல் இயந்திரம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் நாம்.

நீங்கள் 38 பேர். மாதம் ஆளுக்கு 200 ரூபாய் போட்டால் 7,600 ரூபாய். அந்தக் குடும்பங்களின் குடியிருப்பிலிருந்து நடந்து போகும் தூரத்தில், எந்த நேரத்தில் கதவைத் தட்டினாலும் எரிச்சல்படாத ஒருவரின் வீட்டில் அது இருக்கட்டும். எவ்வளவு கொடுப்பது, யாருக்கு, எப்படித் திரும்ப வாங்குவது என்பதை அங்கே இருக்கும் நான்கு குடும்பங்களின் பெண்களே முடிவு செய்யட்டும். ஒரு நோட்டு போடுங்கள். அதில் கழித்தல் கணக்கும் இருக்கட்டும். சிலர் திருப்பித் தர மாட்டார்கள். உங்கள் நண்பர்களிலும் திருப்பித் தராதவர்கள் இருப்பார்கள்.

போய்விட்ட இரண்டு குடும்பங்களைக் கைவிட்டுவிட்டது போலவே எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் மேல் உங்களுக்குச் சினம் இருக்கிறது. எனக்கும் அந்தப் பெரியவர் மேல் சில நாள் இருந்தது. இப்போது மாசி. மழை வருமுன் கணக்குப் பார்த்து, மிச்சக் கடனை அடுத்த ஆண்டுக்கு ஏற்றிவிடுவார்கள். அதற்கு முன்னதாக ஆட்சியருக்கு ஒரு மனுக் கொடுங்கள்; கொத்தடிமை முறை நடக்கிறதா என்று விசாரிக்க வேண்டியது 12ஆம் பிரிவின்படி அவர் கடமை. நீங்களாகத் தனியே சூளைக்குள் நுழைந்துவிடாதீர்கள், அதன் அடி அவர்கள் மேல்தான் விழும். பிள்ளைகள் உங்கள் பள்ளியில் படித்தவர்கள் என்றால், வருகைப் பதிவேட்டிலிருந்து அவர்கள் பெயரை அடித்துவிடவில்லை அல்லவா? அதை முதலில் பாருங்கள்.