பனிச்சறுக்கைப் படம் எடுக்கும்போது கேமரா ஆடாமல் இருக்க

கேள்வி: கும்பகோணத்தில் திருமண வீடியோ எடுத்து வருகிறேன். காஷ்மீரின் குல்மார்க்கில் பனிச்சறுக்குப் பயிற்சி பெறும் என் அக்கா மகனைப் படம் எடுக்கப் பிப்ரவரியில் செல்கிறேன். கேமராவை ஆடாமல் தாங்கும் கைக்கருவியான கிம்பலும் ஆக்‌ஷன் கேமராவும் கைவசம் உண்டு; எனக்குச் சறுக்கத் தெரியாது. படம் ஆடாமல் எடுப்பது எப்படி?

பதில்: சறுக்கத் தெரியாத தாங்கள் அவரைப் பின்தொடர முயல வேண்டாம், ஓரிடத்தில் நின்றே எடுங்கள். மாசி மகத் தேருக்கு முன்னால் கிம்பலுடன் பின்னோக்கி நடந்த பழக்கம் தங்களுக்கு இருக்கலாம். மணிக்கு 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கி வருபவரிடம் அது செல்லாது. சரிவின் ஓரத்தில், மேலிருந்து வருபவர்கள் கண்ணில் படும்படி நில்லுங்கள். மேட்டின் மறைவு ஆபத்தானது.

அவர் தங்களைக் கடந்து செல்லும் திசையை நோக்கிப் பாதங்களை ஊன்றி, இடுப்பை மட்டும் அவர் வரும் பக்கம் திருப்பிக்கொண்டு தொடங்கினால், முறுக்கு அவிழ அவிழக் கேமராவும் சீராகத் திரும்பும். மாறாக, வரும் திசையை நோக்கி நின்றால் கடைசியில்தான் உடல் முறுக்கேறும், படமும் அங்கேதான் குலுங்கும். கொள்ளிடக் கரைச் சாலையில் நண்பர் ஒருவரை அதே வேகத்தில் பைக் ஓட்டச் சொல்லி இதைப் பழகிவிட்டுக் கிளம்புங்கள். ட்ரைபாட் வைப்பதானால் பனியை மிதித்து இறுக்கிய பிறகே கால்களை ஊன்றுங்கள். கேமராவின் நடுக்கத் தடுப்பையும் அணைத்துவிடுங்கள், ஏனெனில் சில கேமராக்கள் நாம் வேண்டுமென்றே திருப்புவதையும் நடுக்கமென்று கருதி எதிர்த்து இழுக்கும்.

பின்தொடரும் காட்சி வேண்டுமானால் ஆக்‌ஷன் கேமராவைச் சறுக்கத் தெரிந்த பயிற்றுநரிடம் கொடுப்பதே நல்லது. தலைக்கவசத்தைவிட மார்புப் பட்டையில் மாட்டுவது மேல்; தலை ஓயாமல் திரும்பும். இங்கே பலர் கவனிக்கத் தவறுவது ஷட்டர் வேகத்தை, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமும் ஒளியை வாங்கும் நேரத்தை. நொடிக்கு 25 ஃப்ரேமுக்கு 1/50 நொடி என்பது திருமண வீடியோவில் ஊறிய கணக்கு. கிம்பலில் எடுக்கும்போது, வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போட்டுக்கொண்டு, அதையே தொடரலாம். ஆனால் ஆக்‌ஷன் கேமராவின் மென்பொருள், எடுத்து முடித்த ஒவ்வொரு ஃப்ரேமையும் நகர்த்தித்தான் ஆட்டத்தை மறைக்கிறது. அந்த ஃப்ரேமுக்குள் ஏற்கெனவே பதிந்துவிட்ட மங்கலை அதனால் நீக்க முடியாது. எனவே படம் அசையாமல் நின்றாலும், குலுங்கிய தருணங்களில் மட்டும் விட்டுவிட்டுக் கலங்கித் தெரியும். அதில் ஃபில்டரே வேண்டாம். 1/200 அல்லது அதைவிட வேகமாக வையுங்கள். பனியின் வெளிச்சம் அதற்குத் தாராளமாகப் போதும்.

அதே வெளிச்சத்தால் கேமராவின் தானியங்கி அளவீடு ஏமாந்து பனியைச் சாம்பல் நிறமாகக் காட்டும் என்பதால், எக்ஸ்போஷரை ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் இருமடங்கு ஒளி) கூட்டுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். உதிரி பேட்டரிகளைச் சட்டையின் உட்பையில் உடல் சூட்டில் வைத்திருங்கள். அறைக்குத் திரும்புமுன் கேமராவைக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அறைச் சூட்டுக்கு அது வந்த பிறகே வெளியே எடுத்தால் லென்ஸில் நீர் கோக்காது.