தராசுக்கு மேலே ஒரு கேமரா
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். 20க்கு 15 அடி கூடம், ஒட்டினாற்போல் தராசும் பீரோவும் இருக்கும் சின்ன அறை. ஆறு பேர் வேலை. 20,000 ரூபாய்க்குள் கேமரா போட முடியுமா? கேட்ட இடத்தில் எட்டு கேமரா வேண்டும் என்கிறார்கள்.

பதில்: முடியும். எட்டு வேண்டாம், நாலு தாராளம். வெள்ளியை நிறுத்துக் கொடுத்து நிறுத்து வாங்கும் தொழிலில் தகராறு வருவது தராசில்தான். ஆகவே முதல் கேமரா அதற்கே. 3.6 மி.மீ. லென்ஸ் போட்ட 2 மெகாபிக்சல் கேமராவை, தராசிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில், எடை எண்ணும் வைக்கிற கையும் சேர்ந்து தெரியும்படி சாய்வாக மாட்டுங்கள். அதையே கூடத்து மூலையில் மாட்டினால் தராசு தெரியும், எடை தெரியாது. அறை இருட்டாக இருந்தால் தராசின் சிவப்பு எண் ஒளி வழிந்து 3 எது, 8 எது என்று புரியாது. தராசுக்கு மேல் உள்ள டியூப்லைட் எப்போதும் எரியட்டும்.

இரண்டாவது வாசலுக்கு. 12 அடி உயரத்தில் வைத்தால் வருகிறவரின் உச்சந்தலைதான் பதிவாகும். ஏழெட்டு அடி போதும். திறந்த கதவை நேராகப் பார்க்க வைத்தால் வெளி வெயிலில் முகம் கறுத்துப்போகும். பக்கவாட்டில் வையுங்கள், அல்லது வெயிலையும் நிழலையும் ஒரே படத்தில் சமன்செய்யும் ‘டபிள்யூடிஆர்’ வசதி உள்ளதாக வாங்குங்கள். மூன்றாவது பீரோவுக்கு, நாலாவது கூடத்துக்கு. பற்றவைக்கும் புகை படியும் இடத்தில் கவிழ்த்த கிண்ணம் போன்ற டோம் கேமரா வேண்டாம். அதன் கண்ணாடிக் குமிழில் எண்ணெய்ப் படலம் ஏறினால் இரவில் கேமராவின் ஐஆர் (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு) வெளிச்சம் அதில் பட்டே திரும்பி, படம் வெளுத்துவிடும். குழாய் வடிவ புல்லட் கேமரா போடுங்கள்; அதைத் துடைப்பதும் சுலபம்.

பலரும் ஏமாறும் இடம் டிவிஆர், அதாவது கேமராப் படத்தைப் பதியும் பெட்டி. விலை குறைந்த டிவிஆர் சில, 2 மெகாபிக்சல் கேமராவை ஏற்றுக்கொண்டாலும் ‘1080 லைட்’ என்ற முறையில் பாதி அகலப் புள்ளிகளைத்தான் பதியும். திரையில் நேரலையாகப் பார்க்கும்போது பளிச்சென்று இருக்கும். பழைய பதிவைப் பெரிதாக்கினால் எடை எண் கரைந்திருக்கும். காசு கொடுக்கும் முன் பத்து நிமிடம் பதியவைத்து, பதிவைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

ஹார்டு டிஸ்க்கில் கஞ்சத்தனம் வேண்டாம். படத்தைச் சுருக்கிப் பதியும் எச்.265 முறையில், தராசு கேமராவுக்கு நொடிக்கு 2 மெகாபிட், மற்ற மூன்றுக்கும் தலா 1 மெகாபிட் என்று வைத்தால் நாளொன்றுக்கு 54 ஜிபி ஆகும். 1 டிபி டிஸ்க் 17 நாளில் நிரம்பி, பழைய பதிவின் மேலேயே எழுதத் தொடங்கும். மாதக் கடைசியில் இருப்பு பார்ப்பவருக்கு அது பயன்படாது. 2 டிபி என்றால் 34 நாள் தாங்கும். இரவும் பகலும் எழுதுவதற்கென்றே வரும் கண்காணிப்பு வகை டிஸ்க்காக இருக்கட்டும்; பழைய கம்ப்யூட்டரில் கழற்றியதைப் போட ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பகலில் நன்றாக இருந்து, இருட்டியதும் கேமரா விட்டு விட்டு அணைகிறதா? குறை பெரும்பாலும் கேமராவில் இருக்காது. ஐஆர் விளக்கு எரியும்போது கூடுதல் கரண்ட் இழுக்கும்; செம்பு முலாம் பூசிய அலுமினிய ஒயர் நீளமாகப் போயிருந்தால் வோல்டேஜ் வழியிலேயே இறங்கிவிடும். இரவில் கேமரா முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 12 இருக்க வேண்டிய இடத்தில் 10க்குக் கீழே காட்டினால், அந்த ஒரு கேமராவுக்கு மட்டும் பக்கத்திலேயே 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் தனியாகக் கொடுங்கள்.

டிவிஆரை தராசு மேசைக்கு அடியில் வைக்காதீர்கள். திருட வருகிறவன் முதலில் தூக்குவது அதைத்தான். காற்றுப் போகும் இரும்புப் பெட்டியில் பூட்டி, பரணில் வையுங்கள். ஆள் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போன அன்றே பாஸ்வேர்டை நீங்களே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் காபி, மிளகு வைக்கும் குடோன் வீட்டிலிருந்து 80 மீட்டர் தள்ளி இருக்கிறது. ஒயர் இழுத்து கேமரா போட்டோம். இடி மழையில் இரண்டு முறை டிவிஆர் எரிந்துவிட்டது. பனி இறங்கினால் படம் வெள்ளைத் துணிபோல் ஆகிறது.

பதில்: இரண்டு கட்டடத்தையும் செம்பு ஒயரால் இணைத்ததுதான் வினை. பக்கத்தில் எங்கு இடி விழுந்தாலும் இரண்டு இடத்து எர்த்துக்கும் இடையே சட்டென்று வோல்டேஜ் ஏறும். அது உங்கள் ஒயர் வழியாக டிவிஆருக்குள் பாயும். பாறை நிலத்தில் எர்த் சரியாகக் கிடைக்காது என்பதால் திடீர் மின்னேற்றத்தைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டரை மட்டும் நம்ப முடியாது. நடுவில் செம்பே இல்லாமல் செய்யுங்கள். இரும்புக் கம்பி கலக்காத ஃபைபர் (ஒளியிழை) கேபிள், இரு முனையிலும் ஒளியையும் மின் சிக்னலையும் மாற்றித் தரும் மீடியா கன்வெர்டர், குடோனில் ஒரே ஒயரில் மின்சாரமும் படமும் கடத்தும் சின்ன பிஓஇ சுவிட்ச், நெட்வொர்க்கில் ஓடும் ஐபி கேமரா, வீட்டில் அதன் படத்தைப் பதியும் என்விஆர். குடோனுக்கு மின்சாரம் அங்குள்ள மீட்டரிலிருந்தே எடுங்கள். மரம் மறைக்காமல் நேர்ப் பார்வை இருந்தால் ஃபைபருக்குப் பதில் ஒயரில்லாமல் சிக்னல் அனுப்பி வாங்கும் வயர்லெஸ் பிரிட்ஜ் ஜோடி போதும்.

பனிக்கு வருவோம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் டிரைவர் பனியில் ஹைபீம் போடுவாரா? கேமராவின் ஐஆர் விளக்கு லென்ஸுக்கு ஒட்டியே இருப்பதால் அதே கதைதான்: நீர்த்துளியில் பட்ட வெளிச்சம் நேரே லென்ஸுக்குத் திரும்புகிறது. செட்டிங்கில் உள் ஐஆரை அணைத்துவிட்டு, ஒன்றிரண்டு மீட்டர் பக்கவாட்டில், கதவைப் பார்த்து ஒரு எல்இடி விளக்கு போடுங்கள். கேமராவையும் கதவுக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். அடர் பனியில் 30 மீட்டர் தூரத்தை எந்தக் கேமராவும் காட்டாது. ஐஆர் அணைந்தால், அந்த வெளிச்சத்துக்கு வரும் பூச்சியைத் தேடி லென்ஸ் முன் வலை கட்டும் சிலந்தியின் தொல்லையும் குறையும். இணைப்பு முனைகளை வெளியே தொங்கவிடாமல் பெட்டிக்குள் வைத்து, ஒயரை ஒரு வளைவு கீழே இறக்கி மேலேற்றுங்கள். தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

கேள்வி: லீ பஜாரில் கடை. திருட்டுப் புகாருக்குப் போலீசில் கேமரா பதிவு கேட்கிறார்கள். திரையை செல்போனில் படம் பிடித்துக் கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது. டிவிஆரிலிருந்தே பென் டிரைவில் ஏற்றுங்கள். சம்பவத்துக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் சேர்த்து எடுங்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63ஆவது பிரிவுப்படி சான்றிதழும், கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் இதுதான் நடைமுறை. மூல டிஸ்க்கை அழிக்காமல் கழற்றி வைத்துவிட்டு, வேறு டிஸ்க் போட்டு ஓட்டுங்கள். டிவிஆர் கடிகாரம் ஏழு நிமிடம் முந்தி ஓடினால், திருத்திவிடாமல் அந்த வித்தியாசத்தை முதலில் எழுதிவையுங்கள், செல்போன் நேரத்தையும் பக்கத்தில் குறித்து.